சந்தா ஒன்று, சந்தை பல

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஓர் அம்மையாரும், வடக்கு நட்டாலின் டன்டீயில் வாழும் அவருடைய தங்கையும் ஒரே மெடிக்கல் எய்டில், அதாவது மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரே பிரிவில் உறுப்பினர்கள். மாதம் பிறந்தால் இருவர் சம்பளத்திலும் ஒரே தொகைதான் பிடிக்கப்படுகிறது. தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்து, அடுத்துக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது, அதற்குரிய இயந்திரம் அவர் ஊரில் இல்லை. வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஐந்து வாரமும் அக்கா வீட்டின் பின்னறையில் தங்கினார். “கட்டுறது ஒரே காசுதானே அக்கா, நான் மட்டும் ஏன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வரணும்?” என்று ஒரு மாலை அவர் கேட்டபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். அன்று எனக்குச் சட்டென்று விடை சொல்ல வரவில்லை. கேள்வி சிறியதாக இருந்தாலும், ஒரு பெரிய நாட்டுக்குள் மருத்துவச் சந்தைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் ஏன் வேறுபடுகின்றன என்பதையே அது கேட்கிறது.

முதலில் சந்தை என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொருளியலில் சந்தை என்பது ஒரு கட்டடத்தையோ ஒரு மாகாணத்தையோ குறிப்பதில்லை. வாங்குபவர் ஒரு பொருளுக்காக எவ்வளவு தொலைவு போகத் தயாராக இருக்கிறாரோ அந்தத் தொலைவுக்குள் இருக்கும் விற்பவர்கள் அனைவரும் சேர்ந்ததே அவருக்கான சந்தை. மசாலாத் தூள் வாங்க விக்டோரியா தெரு மார்க்கெட் வரை பேருந்து ஏறிப் போகிறவர், ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக அங்கே போவதில்லை. ஆகவே மசாலாவின் சந்தை பெரிது, கொத்தமல்லியின் சந்தை சிறிது. மருத்துவத்திலும் இதே கணக்குத்தான். காய்ச்சலுக்குப் பார்க்கும் குடும்ப மருத்துவரின் சந்தை ஒரு குடியிருப்போடு முடிந்துவிடும். பேறுகாலத்துக்கு அரை மணி நேரப் பயணத்தைத் தாண்ட யாரும் விரும்புவதில்லை. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பக்கத்து நகரம் வரை போகலாம். கதிர்வீச்சு, திறந்த இதய அறுவை, உறுப்பு மாற்று போன்றவற்றுக்கு ஒரு மாகாணம் முழுவதும், சில வேளை நாடு முழுவதும் ஒரே சந்தையாகிவிடுகிறது. ஒரே ஊர்க்காரர் ஒரே நேரத்தில் நான்கைந்து வெவ்வேறு அளவுள்ள மருத்துவச் சந்தைகளுக்குள் வாழ்கிறார் என்பதே புதிதாகப் படிப்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி.

இந்தச் சந்தைகளின் எல்லை மாகாண எல்லையோடு பொருந்தி வருவதில்லை. தென்னாப்பிரிக்காவின் பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைக் கொண்ட வடக்கு கேப் மாகாணத்தில் 2022 மக்கள் கணக்கெடுப்பின்படி 14 லட்சத்துக்கும் குறைவானோரே வாழ்கின்றனர். பரப்பில் 2 விழுக்காடுகூட இல்லாத, ஜோகானஸ்பர்க் அடங்கிய கௌடெங்கில் ஒன்றரைக் கோடிப் பேர். வடக்கு கேப்பின் மேற்கு மூலையில் உள்ள ஸ்பிரிங்பாக்கிலிருந்து அதன் தலைநகரான கிம்பர்லிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். கேப் டவுன் அதைவிடக் கிட்டத்தில் இருந்தாலும் அது வேறு மாகாணம். கிழக்கு கேப்பைச் சேர்ந்த பிசானா மக்களுக்குத் தங்கள் மாகாணத் தலைநகரைவிட டர்பன் அடங்கிய நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் போர்ட் ஷெப்ஸ்டன் எவ்வளவோ பக்கம். நோயாளி சாலையைப் பார்க்கிறார், அரசு வரைபடத்தைப் பார்க்கிறது. அரசு மருத்துவமனைகளின் பணம் மாகாண வரவு செலவுத் திட்டத்தின் வழியே வருவதால், இந்தப் பொருத்தமின்மை வெறும் புவியியல் விந்தையாக நின்றுவிடுவதில்லை. எல்லை தாண்டி வரும் நோயாளியின் செலவை எந்த மாகாணம் ஏற்பது என்ற கணக்காகவும் அது மாறிவிடுகிறது.

அப்படியானால் ஒரு மருத்துவச் சந்தையின் எல்லையை எப்படித்தான் வரைவது? கென்னத் எல்சிங்கா, தாமஸ் ஹோகார்ட்டி என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1973இல் இதற்கு எளிய சோதனை ஒன்றைச் சொன்னார்கள். ஒரு வட்டாரத்தை வரைந்துகொண்டு இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இங்கே வாங்கப்படுவதில் எவ்வளவு வெளியிலிருந்து வருகிறது, இங்கே விளைவதில் எவ்வளவு வெளியே போகிறது? இரண்டுமே குறைவு என்றால் அந்த வட்டாரம் தனிச் சந்தை. இல்லையென்றால் கோட்டை இன்னும் அகலமாக வரைய வேண்டும். சரக்குப் போக்குவரத்தை மனத்தில் வைத்து உருவான இந்தச் சோதனையை அமெரிக்க நீதிமன்றங்கள் மருத்துவமனைகளுக்கும் பொருத்திப் பார்த்தன. ஓர் ஊரிலிருந்து நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது பேர் வெளியூர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்றால், அந்த ஊரின் மருத்துவமனைகள் ஒன்றாகி விலையை ஏற்றினாலும் மற்றவர்களும் வெளியூருக்குப் போய்விடுவார்கள், ஆகவே இணைப்பால் தீங்கில்லை என்று வாதிடப்பட்டது.

பிழை இருப்பது அங்கேதான். வெளியூர் போனவர் பெரும்பாலும் உள்ளூரில் இல்லாத சிகிச்சைக்காகவோ, அங்கே மகன் வீடு இருப்பதாலோ போனவர். உள்ளூரிலேயே இருந்துவிட்ட எழுபது பேரைப் பற்றி அவருடைய பயணம் எதையும் சொல்வதில்லை. அவர்களிடம் வண்டி இல்லாமல் இருக்கலாம், பார்த்துக்கொள்ள வேண்டிய பேரப்பிள்ளை இருக்கலாம், விலை இரட்டிப்பானாலும் அவர்கள் நகர முடியாதவர்களாக இருக்கலாம். பொருளியலாளர்கள் இதை மௌனப் பெரும்பான்மைப் பிழை என்று அழைக்கிறார்கள். சிகாகோவுக்கு அருகிலுள்ள எவன்ஸ்டன் மருத்துவமனை இணைப்பு வழக்கில், தம் சோதனை மருத்துவமனைகளுக்குப் பொருந்தாது என்று எல்சிங்காவே சாட்சி சொன்னார். தாம் கண்டுபிடித்த அளவுகோலைத் தாமே வேண்டாம் என்று சொல்ல ஒரு நேர்மை வேண்டும். அறிவுத்துறையில் அது அடிக்கடி காணக்கிடைப்பதில்லை.

இதே கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமேடை வரை வந்தது. வடமேற்கு மாகாணத்தில் கிளார்க்ஸ்டார்ப், பொச்சஃப்ஸ்ட்ரூம் என்ற இரு நகரங்கள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. பொச்சஃப்ஸ்ட்ரூமில் மெடிகிளினிக் குழுமத்தின் மருத்துவமனை இருந்தது. கிளார்க்ஸ்டார்ப்பில் இரண்டு மருத்துவமனைகளை நடத்திவந்த மட்லோசானா என்ற நிறுவனத்தை மெடிகிளினிக் வாங்க முன்வந்தபோது, வணிகப் போட்டியைக் காக்கும் போட்டித் தீர்ப்பாயம் 2019இல் அதைத் தடுத்தது. 2020இல் மேல்முறையீட்டு மன்றம் அனுமதித்தது. 2021 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அனுமதியை நீக்கி மறுபடியும் தடையை நிலைநாட்டியது. ஐம்பது கிலோமீட்டர் என்பது ஒரு சந்தையா, இரண்டு சந்தையா என்பதே வழக்கின் நடுவில் நின்ற கேள்விகளில் ஒன்று. கிளார்க்ஸ்டார்ப் மருத்துவமனைகளின் கட்டணம் குறைவு. காப்பீடு இல்லாமல் கைக்காசு கொடுத்துச் சிகிச்சை பெறுகிறவருக்கு அந்தக் குறைவு பெரிய விஷயம்.

மெடிகிளினிக் அவற்றை வாங்கினால் கட்டணம் ஏன் ஏற வேண்டும்? இங்கேதான் தென்னாப்பிரிக்கச் சந்தையின் தனித்தன்மை தெரிகிறது. பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் மெடிக்கல் எய்டுகளோடு ஊர் ஊராகப் பேரம் பேசுவதில்லை. நாடு முழுவதற்கும் சேர்த்தே பேசுகின்றன. தனித்து நிற்கும் சிறு மருத்துவமனைகள் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று, தேசிய மருத்துவமனைக் கூட்டமைப்பின் வழியாக ஒன்றுசேர்ந்து பேசுகின்றன. ஒரு சிறு மருத்துவமனை குழுமத்தின் கைக்குப் போனதும், ஒரு செங்கல்கூட மாறாமல், அதன் கட்டணப் பட்டியல் குழுமத்தின் பட்டியலாக மாறிவிட முடியும். முன்னாள் தலைமை நீதிபதி சாண்டிலே நுகோபோ தலைமையில் 2014இல் தொடங்கிய தனியார் மருத்துவச் சந்தை விசாரணை, 2019 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், நெட்கேர், மெடிகிளினிக், லைஃப் ஆகிய மூன்று குழுமங்களிடமும் சேர்த்துத் தனியார் படுக்கைகளில் 83 விழுக்காடும் உள்நோயாளிச் சேர்க்கைகளில் 90 விழுக்காடும் இருப்பதாகக் கணக்கிட்டது. நாடு தழுவிய இந்தப் பங்கே பெரிது. சிறு நகரங்களில் போய்ப் பார்த்தால் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு மருத்துவமனைதான் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

சந்தா பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் தங்கையின் கேள்வி அதைத்தான் தொட்டது. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டம், ஒரு பிரிவுக்குள் சந்தாவை உறுப்பினரின் வருமானத்தையும் அவரைச் சார்ந்தோர் எண்ணிக்கையையும் வைத்து மட்டுமே வேறுபடுத்தலாம் என்கிறது. வயதுக்கோ நோய்க்கோ ஏற்பச் சந்தாவைக் கூட்டக்கூடாது; ஊருக்கு ஏற்பவும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கலிபோர்னியாவில் நிலைமை நேர் எதிர். அந்த ஒரே மாநிலத்தைக் காப்பீட்டுக்காக 19 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியே இரண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி விலை வைக்கப்படுகிறது. மருத்துவமனைகள் மிகவும் ஒன்றுதிரண்டுவிட்ட வடக்குக் கலிபோர்னியாவில் உள்நோயாளிச் சிகிச்சையின் விலை தெற்கைவிட 70 விழுக்காடு அதிகம் என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெட்ரிஸ் மையம் 2018இல் காட்டியது. அங்கே வட்டார வேறுபாடு விலைச்சீட்டிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே விலைச்சீட்டு ஒன்றாக இருப்பதால் வேறுபாடு வேறு இடத்தில் போய் ஒளிந்துகொள்கிறது: தொலைவில், காத்திருப்பில், விடுப்பில், உறவினர் வீட்டுப் பின்னறையில். எனக்கு ஒரே சந்தா என்ற கொள்கை நியாயமானதாகவே படுகிறது. ஆனால் அந்த ஒரே சந்தா சாட்ஸ்வொர்த்தில் வாங்கித் தருவதும் டன்டீயில் வாங்கித் தருவதும் ஒன்றல்ல என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை.

சட்டத்தின் இந்தக் கோட்டை மீறாமலேயே வட்டாரத்தை விலைக்குள் கொண்டுவரும் வழி ஒன்றும் உண்டு. ஊரை வைத்துச் சந்தாவை மாற்றக்கூடாதே தவிர, எந்தெந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று வரையறுத்துத் தனிப் பிரிவு ஒன்றை விற்கலாம். யாரும் சேரக்கூடிய திறந்த திட்டங்களில் நாட்டிலேயே மிகப்பெரியதான டிஸ்கவரி, ‘கோஸ்டல்’ என்ற பெயரில் இப்படிப் பிரிவுகளை விற்றுவந்திருக்கிறது: திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளைக் கடலோர மாகாணங்கள் நான்கில் உள்ள மருத்துவமனைகளில் செய்துகொள்பவருக்குச் சந்தா குறைவு. கடலையே காணாத கிம்பர்லியும் அந்தக் கணக்கில் கடற்கரை. வடக்கு கேப்பின் ஒரு விளிம்பு அட்லாண்டிக்கைத் தொடுகிறது அல்லவா.

இனி மருத்துவர்கள் பக்கம் வருவோம். தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டு வைத்திருப்பவர் நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு பேர். எஞ்சியோர் அரசு மருத்துவத்தையே நம்பியிருக்கிறார்கள். இந்தப் பதினாறு பேரும் சீராகப் பரவியிருக்கவில்லை. மேற்கு கேப்பிலும் கௌடெங்கிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காப்பீடு உண்டு. லிம்போபோவில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். தனியார் மருத்துவமனைகள் மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவதைத் தொழில்நெறி விதிகள் பெரும்பாலும் தடுப்பதால், சிறப்பு மருத்துவர் தாமே தனித் தொழில் நடத்துகிறார். நோயாளியைத் தமக்கு விருப்பமான மருத்துவமனையில் சேர்க்கிறார். காப்பீடு உள்ள நோயாளிகள் திரளாக இருக்கும் இடத்தில்தான் அவருடைய தொழில் நிற்கும். மருத்துவமனைக்கு வேண்டியது நோயாளியைவிட முதலில் அந்த மருத்துவர். அவர் இருக்கும் நகரத்திலேயே அடுத்த ஸ்கேன் இயந்திரமும் வாங்கப்படுகிறது. பணமுள்ள இடத்துக்கு மருத்துவர், மருத்துவர் உள்ள இடத்துக்கு இயந்திரம், இயந்திரம் உள்ள இடத்துக்கு இன்னும் மருத்துவர் என்று இது தானே சுழல்கிறது.

மருத்துவர் கூடிய இடத்தில் நோய் குறையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சிகிச்சைதான் கூடுகிறது. மில்டன் ரோமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960 வாக்கிலேயே, காப்பீடு உள்ள சமூகத்தில் போட்ட படுக்கை காலியாகக் கிடப்பதில்லை என்று கண்டார். 1973இல் ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சோன் இருவரும் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரே மாதிரியான மக்கள் வாழும் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களில் குழந்தைகளின் தொண்டைச் சதையை அகற்றும் அறுவைகள் பல மடங்கு வேறுபடுவதைக் காட்டினார்கள். குழந்தைகளின் தொண்டை ஊருக்கு ஊர் அவ்வளவு மாறுவதற்கு வழியில்லை. மாறியது மருத்துவரின் பழக்கம். நுகோபோ விசாரணையும் இங்கே இதையே கண்டது: நோயின் அளவைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், மருத்துவரும் படுக்கையும் மிகுந்த இடங்களில் சேர்க்கைகள் கூடுதலாக இருந்தன. ஒரே சந்தா என்பதன் இன்னொரு முகம் இது. டர்பனை அடுத்த வசதியான கடலோரப் பகுதியான உம்லாங்காவில் தேவைக்கு மேல் நடக்கும் சிகிச்சைக்கும், டன்டீயில் கிடைக்காத சிகிச்சைக்கும் பணம் ஒரே குளத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு சந்தா உயரும்போது இருவருக்கும் ஒரே விழுக்காட்டில் உயர்கிறது.

புதிய தனியார் மருத்துவமனைக்கு உரிமம் தருவது மாகாண சுகாதாரத் துறையின் வேலை. பல மாகாணங்கள் இன்றும் 1980ஆம் ஆண்டின் ஆர்158 என்ற ஒழுங்குவிதியை வைத்தே முடிவெடுக்கின்றன. மேற்கு கேப் போன்றவை தமக்கென விதி வகுத்துக்கொண்டன. எங்கே தேவை என்று பார்த்து உரிமம் கொடுக்க இது நல்ல கருவியாக இருந்திருக்கலாம். ஆனால் உரிமம் ஒருவரைத் தடுக்க முடியுமே தவிர, வர விரும்பாதவரை வரவழைக்க முடியாது.

டர்பன் தமிழர்களுக்குச் சந்தை எல்லை என்பது சாலையும் வண்டியும் மட்டும் வரைந்த கோடாக ஒருபோதும் இருந்ததில்லை. 1950ஆம் ஆண்டின் குழு வாழ்விடச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கும் பின்னர் ஃபீனிக்ஸுக்கும் வந்தவர்கள், எந்த மருத்துவமனையின் எந்தக் கூடத்தில் படுக்கலாம் என்பதையும் சட்டமே சொன்ன காலத்தில் வாழ்ந்தார்கள். பத்து நிமிடத் தொலைவில் இருந்த வெள்ளையர் மருத்துவமனை அவர்களுடைய சந்தைக்குள் இல்லை. 1936இல் திறந்த கிங் எட்வர்ட் மருத்துவமனையும், செயின்ட் எய்டன்ஸ் மிஷன் மருத்துவமனையும், வழக்கறிஞர் ஆர்.கே. கான் பெயரில் 1969இல் சாட்ஸ்வொர்த்தில் திறந்த மருத்துவமனையும் இப்படிச் சுருக்கப்பட்ட சந்தைக்குள் எழுந்தவை. 1951இல் நட்டால் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, அங்கே படித்து வந்த இந்திய மருத்துவர்கள் தம் மக்கள் வாழும் இடத்திலேயே மருத்துவமனைகளில் முதலீடு செய்தார்கள். ஜோகானஸ்பர்க்குக்குத் தெற்கே இந்தியர் குடியிருப்பான லெனேசியாவில் 1984இல் தோன்றிய லென்மெட் இன்று டர்பன் வரை பரந்த குழுமம். டர்பனில் மூன்று பெரிய குழுமங்களுக்கு வெளியே சில மருத்துவமனைகள் இருப்பதற்கும், டன்டீ அளவுள்ள ஊர்களில் அப்படி எதுவும் முளைக்காததற்கும் இந்த வரலாறு ஒரு காரணம் என்பது என் கருத்து. ஒதுக்கி வைத்த சட்டம் போய் முப்பது ஆண்டு கடந்தும், மருத்துவமனை எங்கே நிற்கிறது என்பதில் அதன் கோடு மறையவில்லை.

அரசு மருத்துவமும் தனியார் மருத்துவமும் இரு வேறு உலகங்கள் போலத் தோன்றினாலும், சிறப்பு மருத்துவர் என்ற கிணறு இரண்டுக்கும் ஒன்றுதான். குவாசூலு-நட்டாலில் அரசுத் துறையின் கதிர்வீச்சுச் சிகிச்சை டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் மட்டுமே நடந்துவந்தது. புற்றுநோய் மருத்துவர்கள் ஒருவர்பின் ஒருவராக அரசுப் பணியை விட்டதும், டர்பன் அடிங்டன் மருத்துவமனையின் இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்ததும் சேர்ந்து பெரும் நெருக்கடியாக, 2017 ஜூனில் மனித உரிமை ஆணையம் நோயாளிகளின் உரிமை மீறப்பட்டதாக அறிக்கை வெளியிட்டது. மொசாம்பிக் எல்லையோரத்து மங்குசியிலிருந்து வரும் அரசு நோயாளிக்கும் டன்டீயிலிருந்து வரும் மெடிக்கல் எய்டு உறுப்பினருக்கும் அடையாள அட்டை வேறு. போய்ச் சேரும் நகரம் ஒன்றே. 2024 மே மாதம் கையெழுத்தான தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் யார் பணம் கொடுப்பது என்பதை மாற்ற எண்ணுகிறது. இயந்திரமும் மருத்துவரும் எந்த ஊரில் இருப்பார்கள் என்பது அதற்குப் பிறகும் தனிக் கேள்வியாகவே நிற்கும்.

தொலைவை மருத்துவத் திட்டங்கள் சட்டம் முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மெடிக்கல் எய்டுகள் கட்டாயம் முழுமையாக ஏற்க வேண்டிய குறைந்தபட்ச நலன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. சிகிச்சை பலனளிக்கக்கூடிய கட்டத்தில் உள்ள புற்றுநோய்கள் அதில் அடங்கும். திட்டம் குறித்துக் கொடுத்த மருத்துவமனை உறுப்பினரின் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ நியாயமான தொலைவில் இல்லையென்றால், அவர் வேறு இடத்தில் பெற்ற சிகிச்சைக்கும் திட்டம் முழுப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி 8 சொல்கிறது. நியாயமான தொலைவு என்பது எத்தனை கிலோமீட்டர் என்று அந்த விதியில் எழுதப்படவில்லை. பேருந்துக் கட்டணத்தையும் ஐந்து வாரச் சாப்பாட்டையும் பற்றியும் அதில் ஒன்றுமில்லை.

தங்கை ஊர் திரும்பிய பிறகு, ஆண்டுக் கடைசியில் பிரிவை மாற்றிக்கொள்ளும் படிவம் இருவருக்கும் வந்தது. முந்தைய ஆண்டுகளில் சந்தாத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்த அக்கா, இம்முறை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த மருத்துவமனைப் பட்டியலை எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டன்டீயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பென்சிலால் எழுதத் தொடங்கினார்.